ஷட்டர் கண்ணில் சந்தனம்

"சைக்கிள் போனா போவுது விடு, வேற வாங்கிக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் அப்படிச் சொன்னபோது எங்கள் மகளின் சைக்கிள் கார் ஷெட்டின் ஷட்டருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எந்தப் பேச்சுக்கும் கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்கிறவள் இல்லை நான். அன்றைக்குப் பொறுத்திருந்தால் அது பாவம்.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் பிரதாப்பும் முசிறிப் பக்கத்துக்காரர்கள். ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் வேலை. நான் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், தகட்டை மெஷினில் வைத்து அடித்து வண்டிப் பாகங்கள் செய்கிற இடம். அவர் மெயின்டனன்ஸில் எலக்ட்ரீஷியன். வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்து அலுத்துப்போய் மத்திகிரியில் சொந்தமாக ஒரு வீடு கட்டினோம். கீழே கார் ஷெட், மேலே நாங்கள். தெருப் பக்கம் மோட்டார் ஷட்டர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். பழைய கார்தான் என்றாலும் பட்டனை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும் அவருக்கு.

ஷட்டர் மாட்ட வந்தவர் போகும்போது எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போனார். இரண்டு தூணிலும் முழங்காலுக்குக் கீழே கறுப்பாக ஒரு சின்னக் கண் இருக்கும். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஷட்டர் இறங்கும்போது நடுவில் ஆளோ நாயோ குறுக்கிட்டால் பார்வை அறுந்து, ஷட்டர் நின்று மேலே போய்விடும். அந்தக் கண்களைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், பக்கத்துத் தடங்களில் மண் அடையாமல் பார்த்துக் கிரீஸ் வைக்க வேண்டும், மேலே ஸ்பிரிங்கில் சத்தம் வந்தால் நாங்களாகக் கை வைக்காமல் கூப்பிட வேண்டும், ரிமோட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, மாதம் ஒருமுறை ஏதாவது பொருளைக் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். ஒரு மிக்சிக்குக் கொடுக்கிற கவனத்தைவிடக் கொஞ்சம் கூட.

மாதத்தின் முதல் ஞாயிறு நான் பிளாஸ்டிக் பக்கெட்டை வாசலில் வைத்துப் பட்டனை அழுத்துவேன். ஷட்டர் பாதி வந்து பயந்ததுபோல் திரும்பிப் போகும். ரெண்டாம் வகுப்புப் படிக்கிற எங்கள் அனுப்ரியா கைதட்டுவாள். பிரதாப் மாடிப்படியில் காபியோடு உட்கார்ந்து, "வீட்டையும் கம்பெனி லைன் ஆக்கிட்டா உங்கம்மா. அடுத்த மாசத்துல இருந்து நமக்கெல்லாம் ஷிப்ட் போடுவா பாரு" என்று கிண்டல் செய்வார். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்தப் பழக்கம் எனக்கு பிரஸ் ஷாப்பில் வந்தது. அங்கேயும் மெஷினுக்கு முன்னால் இதேபோல் கண்கள் உண்டு, வரிசையாக. கை உள்ளே இருந்தால் மெஷின் அடிக்காது. ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் ஒரு கம்பியை நீட்டி, மெஷின் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் தகட்டை வைப்போம். இது முன்பே இருந்த நல்ல பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருஷம் தமிழ்செல்வியின் இரண்டு விரல்கள் போன பிறகு வந்தது.

தமிழ்செல்வி பாப்பிரெட்டிப்பட்டிப் பெண். எனக்கு அடுத்த மெஷின். அன்றைக்குக் காலை ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கோணலாக விழுந்த தகட்டைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். கண் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி நீட்டிய கை. மெஷின் நிற்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மெஷினின் மின்பெட்டியைத் திறந்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உள்ளே நீல நிறத்தில் ஒரு துண்டு ஒயர், கண்களின் வேலையைக் குறுக்கே வெட்டி, கண்கள் எப்போதும் நன்றாகத்தான் பார்க்கின்றன என்று மெஷினுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஒயரின் நடுவில் சிவப்பு இன்சுலேஷன் டேப், நுனியை முக்கோணமாக மடித்துச் சின்னக் கொடிபோல் ஒட்டியிருந்தது.

விசாரணையில் நான் அந்தச் சிவப்பு டேப்பைச் சொன்னேன். யார் கேட்டார்கள்? ஒயரைப் போட்டது ஊரைப் பார்க்கப் போய்விட்ட ஏதோ ஒப்பந்தத் தொழிலாளி என்று முடித்தார்கள். அதோடு விட்டார்களா, 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்றும் எழுதிக்கொண்டார்கள். சேஃப்டி வாரக் கூட்டத்தில் திரையில் அவள் மெஷினைக் காட்டி, கவனம் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று பேசினார்கள். அவள் என் பக்கத்தில், இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பின்வரிசையில் பிரதாப்பும் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். எங்கள் தெருவிலேயே லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். அங்கே வண்டி நிறுத்த இடம் கிடையாது என்பதால் அவள் ஸ்கூட்டர் எங்கள் ஷெட்டில்தான் நிற்கும். நிறுத்திக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தியது பிரதாப். ஊரில் யாருக்கும் ஒரு ஸ்பானரைக்கூடக் கடன் கொடுக்காதவர் இவ்வளவு இளகிவிட்டாரே என்று நான் பெருமைப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அடுத்த பக்கெட் சோதனைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. உழவர் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு காரில் திரும்பினோம். தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த அனு காருக்குப் பின்னாலேயே வந்தாள். பிரதாப் காரை நிறுத்தி இறங்கினார். ஒரு கையில் போன், மறு கையில் ரிமோட். திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டனை அழுத்திவிட்டு மாடிப்படி பக்கம் நடந்தார். நான் காய்ப்பையை எடுக்கக் குனிந்திருந்தேன்.

முதலில் தகரம் முறுகுகிற சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் உறுமியது. நிமிர்ந்து பார்த்தால் ஷட்டர் சைக்கிள்மேல் இறங்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. முன்சக்கரம் மடிந்து, ஹேண்டில் பாரில் கட்டிய ரிப்பன் மட்டும் எங்கள் பக்கம் தொங்கியது. சைக்கிளில் இருந்தவள் எங்கே? ஷட்டர் மறைத்துக்கொண்டு நிற்கிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. "நிறுத்துங்க" என்று நான் கத்திய கத்தலில் என் தொண்டை கிழிந்தது. தரையில் விழுந்து அந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன். இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. செருப்போடு நின்றுகொண்டிருந்தன.

எதிர்வீட்டுச் சாந்தம்மா கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு வர, அதைத் தொட்டுப் பார்க்க அனு சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள். ஒரு எட்டுதான் வைத்திருக்கிறாள். சாந்தம்மா அவளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு, "ஏனாய்த்தம்மா? அய்யோ தேவரே, கொழந்தை மேல விழுந்திருந்தா இன்னா ஆவறது?" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் அலறினார். பிரதாப் கைச்சங்கிலியை இழுத்து ஷட்டரை மேலே ஏற்றினார். அனுவைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை என்று தெரிந்ததும் மூச்சை விட்டு, அப்போது சொன்னதுதான் அந்த வார்த்தை. சைக்கிள் போனா போவுது.

"சைக்கிளைப் பத்தி யாரு கேட்டா? கண்ணு என்ன ஆச்சு? ஏன் நிக்கல?" என்றேன்.

"அது... ஆயுத பூஜை அன்னிக்கு மக்கர் பண்ணுச்சு ரஞ்சி. ஷட்டர் பாதி வந்து வந்து மேல போவுது. நாம ஊருக்குக் கிளம்பிட்டு இருக்கோம், வெளிய காரு நிக்குது. டெம்பரவரியா கண்ணை பைபாஸ் பண்ணேன். வந்து பாத்துக்கலாம்னு..."

"வந்து எத்தனை நாள் ஆச்சு?"

அவர் குனிந்து சைக்கிளை இழுத்து ஓரமாக வைத்தார். நான் அனுவைச் சாந்தம்மா வீட்டுக்கு அனுப்பினேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். வீடு கட்டும்போது மிஞ்சிய சவுக்குக் கம்புகள் இரண்டை எடுத்து ஷட்டருக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தேன். உதவ வந்தவரைத் தள்ளிவிட்டேன். பிறகு குனிந்து இடது தூணில் இருந்த கண்ணைப் பார்த்தேன்.

அதன்மேல் சந்தனம் காய்ந்து பொருக்காக இருந்தது. நடுவில் குங்குமம். வலது தூணிலும் அப்படியே. பூஜை அன்று குளித்து வேட்டி கட்டி, கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைப்பதுபோல, மிக்சி, கிரைண்டர், கார், தமிழ்செல்வியின் ஸ்கூட்டர் என்று ஒன்றுவிடாமல் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தவர், ஷட்டரின் கண்களையும் விட்டுவைக்கவில்லை. நன்றாக அப்பியிருக்கிறார். கண்ணை அடைத்தவரும் அவரே. கண் தெரியவில்லை என்று அதன் பேச்சைக் கேட்காமல் செய்தவரும் அவரே. புடவைத் தலைப்பால் ஒரு தேய்ப்பு தேய்த்தேன். பொருக்கு உதிர்ந்து பளிச்சென்று கறுப்புக் கண்ணாடி தெரிந்தது.

"இதான் மக்கரா? உங்க பதினெட்டு வருஷ சர்வீஸுக்கு இதைத் துடைச்சுப் பாக்கணும்னு தோணலையா?"

அவர் எட்டிப் பார்த்து, சிரிக்கவும் செய்தார். "அட, இவ்வளவுதானா!" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கை ஓங்கவே வந்துவிட்டது. "இவ்வளவுதானா? அந்தப் புள்ள ஒரு எட்டு தள்ளி வெக்கலைன்னா இவ்வளவுதானான்னு கேப்பீங்களா? கம்பெனில கேட்டா சூப்பர்வைசர் கழுத்துல உக்காந்திருக்கான், டார்கெட்டு, வண்டி வெயிட்டிங்ல நிக்குதுன்னு கதை சொல்லுவீங்க. இங்க யாரு உங்களுக்கு டார்கெட் குடுத்தா? நானா? உங்க மகளா?"

"சும்மா கத்தாத ரஞ்சி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

அவர் டூல்ஸ் பெட்டியில் இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன். சுவரில் இருந்த கண்ட்ரோல் பெட்டியின் மூடியை நானே கழற்றினேன். உள்ளே நீல நிறத்தில் ஒரு துண்டு ஒயர். அதன் நடுவில் சிவப்பு டேப். நுனி முக்கோணமாக மடிந்து, சின்னக் கொடிபோல நின்றிருந்தது.

தமிழ்செல்வியின் மெஷினில் பார்த்த அதே கொடி. இருந்தாலும் உடனே ஒரு முடிவுக்கு வர மனம் வரவில்லை. மெயின்டனன்ஸ்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஒட்டுவார்களோ என்னவோ. அவர் மெஷின் பெட்டியைத் திறந்து வேலை செய்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்கள் வருவதற்குள் எங்களை டீ குடிக்க அனுப்பிவிடுவார்கள்.

என் மௌனத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்து, இப்போது அவர் குரல் ஏறியது. "என்னமோ கவனமே இல்லாதவன் மாதிரி பேசுற? நல்லாப் பாரு. மத்தவன் மாதிரி சும்மா ஒயரைச் சொருகிட்டுப் போறவனா நான்? கொடி ஒட்டியிருக்கேன்ல? டெம்பரவரி, மறக்காம எடுக்கணும்னு அதுக்கு அர்த்தம். எங்க டிபார்ட்மென்ட்ல போய்க் கேளு. இப்படி மடிச்சுக் கொடி ஒட்டுறது நான் ஒருத்தன்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பெட்டியின் மூடியை எடுக்கக் கையை நீட்டினார். விசாரணை முடிந்து வந்த அன்று சமையலறையில் நின்று, சிவப்பு டேப், முக்கோணமாக மடித்தது என்று நான் இவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "எவன் பண்ணானோ" என்றார் அன்றைக்கு.

"நீங்கதானா?" என்றேன்.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "முந்தின நாள் ரெண்டாவது ஷிப்ட்ல அந்தக் கண்ணுல ஆயில் படிஞ்சு மெஷின் நின்னு நின்னு போச்சு ரஞ்சி. டிஸ்பாட்ச் வண்டி நிக்குது, அடி அடின்னு கத்துறாங்க. ஷிப்ட் முடியுற வரைக்கும்னுதான் போட்டேன். எடுக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வேற லைன்ல பிரேக்டவுன். பஸ் டைம் ஆயிடுச்சு..." பிறகு என்னைப் பார்க்காமல், "அவளும் கையை விடாம இருந்திருக்கலாம்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வாக்கியத்தைப்போல் எதுவும் என்னை அருவருக்க வைத்ததில்லை. ஒரு மனிதனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்குக் காய்ச்சல் வந்தால் விழித்திருந்திருக்கிறேன். அவர் ஒரு பெண்ணின் விரல்களை விழுங்கிவிட்டு, அவள் ஸ்கூட்டருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இப்ப வருவா, நாளைக்கு ஷிப்டுக்கு வண்டி எடுக்க. நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"வேலை போயிடும் ரஞ்சி."

"போகட்டும். அவளுக்குப் போனது திரும்பி வராது. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். இந்தப் பொட்டியை அவ வர்ற வரைக்கும் மூட மாட்டேன்."

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் தமிழ்செல்வி வந்தாள். சாந்தம்மா விஷயத்தைச் சொல்லியிருப்பார்போல, வழியிலேயே அனுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "இன்னாக்கா இது, ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. ஷட்டருக்கு முட்டெல்லாம் குடுத்திருக்கீங்க? சாமி காப்பாத்துச்சு, போங்க" என்றாள். அனுவின் கன்னத்தை அவள் தடவியது அந்த இடது கையால். குழந்தைகளிடம் மட்டும் அவள் அதை மறைப்பதில்லை.

நான் அனுவை வாங்கிக்கொண்டேன். "அண்ணா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றேன். நகர்ந்தால் அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

பிரதாப் எழுந்தார். பெட்டியில் இருந்த ஒயரைப் பிடுங்கி எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, திக்கித் திணறி, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஆயில் படிந்த கண், கத்திய சூப்பர்வைசர், டிஸ்பாட்ச் வண்டி. நான் இடையிடையே, "அதை மட்டும் சொல்லாதீங்க, கூட்டத்துல பின்னாடி உக்காந்து கேட்டதையும் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

தமிழ்செல்வி பெட்டிப் பக்கம் வந்தாள். கையை நீட்டினாள். அவர் ஒயரைக் கொடுத்தார். மூன்று விரல் கையில் அதை வைத்துக்கொண்டு, மடித்த சிவப்பு நுனியை மறு கையால் நிமிர்த்திப் பார்த்தாள்.

"இதை எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்ணா?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"அப்ப அன்னிக்கு ஏண்ணா எடுக்கல?"

அவர் திறந்திருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "மறந்துட்டேன்மா."

அவள் கொடியின் நுனியை முன்போலவே மடித்துவிட்டாள். பிறகு ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, ஒயரை உள்ளே வைத்துப் பூட்டினாள். முட்டுக் கம்புகளுக்கு நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடியில் அவர் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் இருந்தது. தெருவில் நின்று அதை விரலால் சுரண்டித் தள்ளினாள்.

"திரையில என் மெஷினைக் காட்டி என் பேரைத்தான் சொன்னாங்க" என்றாள் பிரதாப்பைப் பார்த்து. "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கம்பெனி கேட்ல நில்லுங்கணா. நான் இதை எடுத்துக்கினு வர்றேன். இதையாவது மறக்காதீங்க."